ஓல்டு விண்டோஸ்... கேம் ஓவரா பாஸ்?

சப்போர்ட் நின்னு போன சிஸ்டத்தில் கேம் ஆடலாமா, கூடாதா? ஹாஸ்டலில் ரூமுக்கு ரூம் நடக்கும் பட்டிமன்றத்துக்கு இதோ ஒரு தீர்ப்பு!

ராத்திரி மணி பதினொண்ணு. நாளைக்குக் காலையில் இன்டர்னல் டெஸ்ட். ஆனா நீங்க ஹெட்போனை மாட்டிக்கிட்டு, நாலு ஃப்ரெண்ட்ஸோட 'ஒரே ஒரு மேட்ச் மட்டும்'னு சத்தியம் பண்ணிட்டு உட்கார்ந்திருக்கீங்க. லோடிங் பாதி தாண்டியாச்சு. அந்த நேரம் பார்த்து ஸ்கிரீன் பூரா ஒரு அறிவிப்பு. 'உங்க விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் முடிஞ்சு போச்சு' என்கிற ரீதியில் நீட்டி முழக்குது. அதைப் படிக்க யாருக்கு நேரம் இருக்கு? 'அப்புறம் பார்க்கலாம்' பட்டன் மேல ஒரு தட்டு. மேட்ச் ஸ்டார்ட்!

இப்படி எத்தனை தடவை தட்டியிருக்கீங்க? மனசைத் தொட்டுச் சொல்லுங்க!

இந்த மேட்டரில் கேமர்கள் ரெண்டு கட்சி. 'சிஸ்டம் ஜம்முனு ஓடுது. ஃப்ரேம் ரேட் குறையலை. அப்புறம் எதுக்கு மாத்தணும்?' என்பது முதல் கட்சி. 'பழைய விண்டோஸா? தொடாதே, வைரஸ் ஒட்டிக்கும்!' என்று அலறுவது ரெண்டாவது கட்சி. உண்மை என்னன்னா, ரெண்டு பேருமே பாதிக் கிணறுதான் தாண்டியிருக்காங்க. மீதிக் கிணற்றை நாம சேர்ந்து தாண்டலாம், வாங்க!

வாட்ச்மேன் போன ஹாஸ்டல்!

முதல்ல ஒரு பயத்தைத் துடைச்சுப் போடுவோம். சப்போர்ட் முடிஞ்ச மறுநாள் காலையில் உங்க கம்ப்யூட்டர் செத்துப் போயிடாது. இன்ஸ்டால் பண்ணின கேம் காணாமப் போயிடாது. 2001 அக்டோபர் 25 அன்று வந்த விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரல் 8 அன்று மைக்ரோசாப்ட் விடை கொடுத்தது. 2009 அக்டோபர் 22 அன்று வந்த விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14 கடைசி நாள். 2015 ஜூலை 29 அன்று பிறந்த விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14. மூணு தேதியிலும் வானம் இடிஞ்சு விழலை. மறுநாளும் கேம் ஓடிக்கிட்டுத்தான் இருந்தது.

அப்ப என்னதான் நிக்குது? பேட்ச்! ஒவ்வொரு மாசமும் ரெண்டாவது செவ்வாய்க்கிழமை, அதுவரைக்கும் கண்டுபிடிச்ச பாதுகாப்பு ஓட்டைகளுக்கு மைக்ரோசாப்ட் ஒட்டுப் போடும். சப்போர்ட் முடிஞ்ச சிஸ்டத்துக்கு அந்த ஒட்டு வராது. அவ்வளவுதான்.

வாட்ச்மேன் வேலையை விட்டுப் போன ஹாஸ்டலை நினைச்சுப் பாருங்க. லைட் எரியும், ஃபேன் சுத்தும், மெஸ்ஸில் இட்லி கிடைக்கும். ஆனா கேட் பூட்டு உடைஞ்சா மாத்துறதுக்கு ஆள் இல்லை. முதல் வாரம் ஒண்ணும் ஆகாது. முதல் மாசமும் ஆகாமப் போகலாம். அந்த தைரியத்தில்தான் நாம ஏமாந்துடுறோம்.

இதில் இன்னொரு வில்லங்கம் இருக்கு. விண்டோஸ் 10-ம் 11-ம் அண்ணன் தம்பி மாதிரி. உள்ளே இருக்கிற கோடிங்கில் நிறைய பொதுவானது. 11-ல் ஒரு ஓட்டையை அடைச்சு பேட்ச் வெளியிட்டாங்கன்னு வைங்க. திருட்டுக் கூட்டம் அந்த பேட்ச்சைப் பிரிச்சுப் பார்த்து, 'ஓஹோ... ஓட்டை இங்க இருந்ததா?' என்று கண்டுபிடிச்சுடும். அதே ஓட்டை 10-லும் இருந்தா, அதை அடைக்க ஆள் இல்லை. பக்கத்து ஹாஸ்டலில் பூட்டு மாத்துறதைப் பார்த்து, உங்க ஹாஸ்டலிலும் அதே மாடல் பூட்டுதான்னு திருடன் தெரிஞ்சுக்கிற கதை! அதனால், சப்போர்ட் முடிஞ்ச சிஸ்டம் சும்மா நின்ன இடத்துலயே நிக்கலை. மாசம் ஆக ஆக ஆபத்து கூடிக்கிட்டே போகுது.

கேமர் கோபத்திலும் நியாயம் இருக்கு!

'அப்டேட் பண்ணு, அப்டேட் பண்ணு'னு நச்சரிக்கிறவங்களுக்கு ஒண்ணு தெரியறதில்லை. புது விண்டோஸ் வரும்போதெல்லாம் அடி வாங்கியது கேமர்கள்தான்.

2007-ல் 'ஹாலோ 2' கேம் பி.சி.க்கு வந்தது. ஆனா விண்டோஸ் விஸ்டாவில் மட்டும்தான் ஓடும்னு கண்டிஷன். சரி, விஸ்டாவில் மட்டுமே இருந்த டைரக்ட்எக்ஸ் 10 தொழில்நுட்பத்துக்காகவா? அதுவும் இல்லை. அந்த கேம் எக்ஸ்.பி.யிலும் இருந்த டைரக்ட்எக்ஸ் 9-ஐத்தான் பயன்படுத்தியது. கொஞ்ச நாளில் சில கில்லாடிகள் அதை எக்ஸ்.பி.யிலேயே ஓட வெச்சுக் காட்டிட்டாங்க. 'அப்ப எங்களை விஸ்டா வாங்க வைக்கத்தான் இந்த டிராமாவா?'ன்னு கேமர்கள் கொதிச்சதில் என்ன தப்பு?

2021 அக்டோபர் 5 அன்று விண்டோஸ் 11 ரிலீஸ். வந்த வேகத்தில் ஏ.எம்.டி. ரைசன் பிராசஸர் வெச்சிருந்தவங்களுக்கு ஒரு ஷாக். கேஷ் மெமரி மெதுவாகி, சில இ-ஸ்போர்ட்ஸ் கேம்களில் 10 முதல் 15 சதவிகிதம் வரை வேகம் குறையலாம் என்று ஏ.எம்.டி.யே ஒப்புக்கொண்டது. அதே மாசத்தில் சரி பண்ணிட்டாங்க என்பது வேற விஷயம். 2024-ல் வந்த பெரிய அப்டேட்டிலும் அதே கூத்து. 'அஸாசின்ஸ் க்ரீட் வல்ஹல்லா', 'ஸ்டார் வார்ஸ் அவுட்லாஸ்' போன்ற யுபிசாஃப்ட் கேம்கள் அப்படியே உறைஞ்சு நின்னதால், அந்த கேம்கள் இருக்கிற கம்ப்யூட்டர்களுக்கு அந்த அப்டேட்டைக் கொடுப்பதையே மைக்ரோசாப்ட் நிறுத்தி வெச்சது.

பழைய சி.டி. கேம் பிரியர்களின் சோகம் இன்னும் பெருசு. 2000-களில் வந்த பல கேம்களில் திருட்டு காப்பியைத் தடுக்க 'சேஃப்டிஸ்க்' என்ற பூட்டு இருந்தது. அந்தப் பூட்டுக்கான டிரைவரிலேயே பாதுகாப்பு ஓட்டை. அதனால் விண்டோஸ் 10 வந்தபோது 2015-ல் அதுக்கு நோ என்ட்ரி! காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினல் சி.டி. டிரைவில் சுத்துது, கேம் திறக்க மாட்டேங்குது. அதே மாதிரி, அந்தக் கால 16-பிட் புரோகிராம்கள் எந்த 64-பிட் விண்டோஸிலும் ஓடாது. விண்டோஸ் 11-ல் 64-பிட் தவிர வேற பதிப்பே கிடையாது.

ஆக, 'புதுசு வந்த அன்னிக்கே ஓடிப்போய் மாத்தாதே'ங்கிற கேமர் பழமொழி நூத்துக்கு நூறு சரி. ஆனா அது ஆறு மாசம் பொறுத்துப் பார்க்கச் சொல்ற பழமொழி. ஆறு வருஷம் தூங்கச் சொல்ற பழமொழி இல்லை!

ஒரு க்ளிக் கூட வேண்டாம்!

'நான் உஷாரான ஆளு பாஸ். கண்ட லிங்க்கையும் தட்ட மாட்டேன். எனக்கு எதுக்கு பேட்ச்?'னு ஒரு கேள்வி வரும். உங்களுக்காகத்தான் இந்த ஃப்ளாஷ்பேக்.

2017 மே 12, வெள்ளிக்கிழமை. 'வான்னாக்ரை' என்ற ரேன்சம்வேர் உலகத்தையே ஒரு உலுக்கு உலுக்கியது. சுமார் 150 நாடுகள், 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள். இங்கிலாந்து அரசு மருத்துவமனைகளில் அப்பாயின்ட்மென்ட்டுகளும் ஆபரேஷன்களும் ரத்தாகின. ஃபைல்களை எல்லாம் பூட்டி வெச்சுட்டு, 'பிட்காயினில் 300 டாலர் கொடு'னு மிரட்டியது அது.

இது எப்படிப் பரவியது தெரியுமா? யாரும் எதையும் க்ளிக் பண்ணத் தேவையே இல்லை! விண்டோஸில் ஃபைல் ஷேரிங்குக்கு இருந்த பழைய வசதியில் ஒரு ஓட்டை. ஒரு கம்ப்யூட்டரில் நுழைஞ்சா, அதே நெட்வொர்க்கில் அந்த ஓட்டையோட இருக்கிற அடுத்த கம்ப்யூட்டருக்குத் தானே தாவும். அங்கிருந்து அடுத்தது. அதுக்கு அடுத்தது.

இப்ப உங்க ஹாஸ்டல் லேன் கனெக்‌ஷனை ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க. உங்க ரூமில் கேம். எதிர் ரூமில் ஃபைனல் இயர் அண்ணனோட புராஜெக்ட். ரெண்டு ரூம் தள்ளி, ராத்திரி பகலா உட்கார்ந்து எடிட் பண்ணின குறும்படம். எல்லாம் ஒரே நெட்வொர்க். 'என் சிஸ்டம், என் இஷ்டம்'னு சொல்ல முடியுமா? நீங்க திறந்து வெச்ச கதவு வழியா நுழையறவன் அடுத்தவன் ரூமுக்கும் போவான்!

இந்தக் கதையில் கவனிக்க வேண்டிய ஒரு பாயின்ட் இருக்கு. அந்த ஓட்டைக்கான பேட்ச், தாக்குதலுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே, 2017 மார்ச் 14 அன்று வந்துடுச்சு. மாட்டிக்கிட்டதில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்கள். அப்போ விண்டோஸ் 7-க்கு சப்போர்ட் இருந்தது, பேட்ச்சும் இருந்தது, போடத்தான் இல்லை. அதனால் 'நான் லேட்டஸ்ட் விண்டோஸ் வெச்சிருக்கேன்'னு காலரைத் தூக்கி விட்டுட்டு, அப்டேட்டை மட்டும் தள்ளிப் போடுறவங்களும் அதே படகில்தான். என்ன ஒண்ணு, அவங்களுக்கு மனசு வந்தா போட்டுக்கலாம். சப்போர்ட் முடிஞ்ச சிஸ்டத்தில் மனசு வந்தாலும் போட பேட்ச் இருக்காது. அன்னிக்கு எக்ஸ்.பி.க்குக்கூட மைக்ரோசாப்ட் மனசு இறங்கி அவசர பேட்ச் கொடுத்தது. ஒவ்வொரு தடவையும் அப்படி இறங்கும்னு எந்த கேரன்டியும் இல்லை.

கேமே கேட்டைத் திறந்தா?

'நான் பிரவுஸ் பண்றதே இல்லை, கேம் மட்டும்தான்'னு சொல்றவங்களுக்கு அடுத்த சீன். 2022 ஜனவரி. ஒரு ஸ்ட்ரீமர் 'டார்க் சோல்ஸ் 3' ஆடிக்கிட்டிருக்கார், ஊரே லைவ்ல பார்க்குது. திடீர்னு கேம் க்ராஷ்! அடுத்த நொடி, அவர் கம்ப்யூட்டரே ஒரு ரோபோ குரலில் அவர் ஆட்டத்தை நக்கலடிக்க ஆரம்பிச்சது. கேமின் ஆன்லைன் வசதியில் இருந்த ஓட்டை வழியா, யாரோ எங்கிருந்தோ அவர் கம்ப்யூட்டருக்குக் கட்டளை போட்டுட்டாங்க. அந்த நபர் குரலோட நிறுத்திக்கிட்டது அந்த ஸ்ட்ரீமரோட அதிர்ஷ்டம். பி.சி.யில் 'டார்க் சோல்ஸ்' வரிசையின் ஆன்லைன் சர்வர்களையே மூட வேண்டி வந்தது. மூணாவது பாகம் திரும்ப ஆன்லைனுக்கு வர ஆகஸ்ட் ஆகிடுச்சு.

கேம் ஆன்லைனில் இருக்குன்னா, அதுவும் வெளியே திறக்கிற ஒரு கதவுதான். அந்தக் கதவு வழியா ஒருத்தன் உள்ளே வந்துட்டா, ஹாலோட நிப்பானா, பீரோ வரைக்கும் போவானா என்பதை முடிவு பண்றதில் உங்க விண்டோஸுக்குப் பெரிய பங்கு இருக்கு. பேட்ச் போட்ட சிஸ்டத்தில் அவன் அடுத்த பூட்டோட மல்லுக்கட்டணும். பழைய சிஸ்டத்தில் அந்தப் பூட்டுக்குச் சாவி ஏற்கெனவே ஊரெல்லாம் புழங்கிக்கிட்டிருக்கும்.

அதுக்காக, புது விண்டோஸ் போட்டாலே பத்திரம்னும் நினைச்சுடாதீங்க. 2025 பிப்ரவரியில் 'பைரேட்ஃபை' என்ற இலவச கேம் ஸ்டீமிலேயே இருந்தது. அதுக்குள்ளே பாஸ்வேர்டு திருடும் மால்வேர்! வால்வ் நிறுவனம் அதைத் தூக்கி எறிஞ்சுட்டு, இன்ஸ்டால் பண்ணினவங்களுக்கு எச்சரிக்கை அனுப்பியது. ஸ்டீமிலேயே இந்தக் கதின்னா, 'கிராக் பண்ணின கேம் ஃப்ரீ'ன்னு பென்டிரைவில் ரூம் ரூமா சுத்துதே, அதை என்ன சொல்றது? நாமே உள்ளே கூப்பிட்டு உட்கார வைக்கிற விருந்தாளிக்கு எந்த வாட்ச்மேனும் பொறுப்பாக மாட்டார்.

ஒவ்வொரு கதவா சாத்துறாங்க!

சரி, பாதுகாப்பை விடுங்க. 'எனக்குத் திருட்டுப் போக ஒண்ணுமே இல்லை'ன்னே வெச்சுக்குவோம். பழைய சிஸ்டத்தில் எவ்வளவு நாள் கேம் ஆட முடியும்? விண்டோஸ் 7-க்கு நடந்ததைப் பாருங்க, பதில் கிடைக்கும்.

2020-ல் சப்போர்ட் முடிஞ்சது. கேமர்கள் கண்டுக்கலை. 2023 தொடக்கத்தில் கூகுள் குரோம் 109-வது பதிப்போட விண்டோஸ் 7-க்கு டாட்டா சொன்னது. 'பிரவுசர்தானே'ன்னு கேமர்கள் அதையும் கண்டுக்கலை. ஆனா ஸ்டீம் சாஃப்ட்வேருக்குள்ளேயே குரோம்தான் உட்கார்ந்திருக்கு. அந்த குரோம் பழைய விண்டோஸில் ஓடாதுன்னு காரணம் சொல்லி, 2024 ஜனவரி 1 முதல் விண்டோஸ் 7, 8, 8.1 மூணுக்கும் ஸ்டீம் சப்போர்ட்டை நிறுத்தியது. எக்ஸ்.பி.க்கும் விஸ்டாவுக்கும் 2019 ஜனவரி 1-லேயே இதே கதி. காசு போட்டு வாங்கிய கேம்கள் எல்லாம் அந்த ஸ்டீம் கணக்குக்குள்ளே. சப்போர்ட் போனபிறகு அந்த சாஃப்ட்வேர் எப்ப மக்கர் பண்ணினாலும் போய்க் கேட்க முடியாது!

நடுவில் 2023 செப்டம்பரில் 'கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2' வந்தது. 'சி.எஸ்.கோ'வுக்குப் பதிலா அது உட்கார்ந்தபோது, டைரக்ட்எக்ஸ் 9 கார்டுகளும் 32-பிட் சிஸ்டங்களும் வெளியே போயிடுச்சு. பழைய சிஸ்டத்தில் வருஷக்கணக்கா ஆடினவங்க, ஒரே ராத்திரியில் பெஞ்சில் உட்கார்ந்தாங்க.

விண்டோஸ் 10-க்கும் இதே வரிசை ஆரம்பிச்சாச்சு. 'மான்ஸ்டர் ஹன்ட்டர்' கேம்களை வெளியிடும் கேப்காம், 2025 அக்டோபர் 14-க்குப் பிறகு விண்டோஸ் 10-ல் அவை ஓடும்னு உத்தரவாதம் தர முடியாதுன்னு சொல்லிடுச்சு. ஆர்.டி.எக்ஸ். கார்டுகளுக்கு விண்டோஸ் 10-ல் கேம் ரெடி டிரைவர் 2026 அக்டோபர் வரைக்கும்தான்னு என்விடியா தேதி குறிச்சது. கதவு படார்னு சாத்தறதில்லை. ஒவ்வொண்ணா, சத்தமில்லாமல் சாத்துவாங்க. நீங்க கவனிக்கும்போது ஜன்னல் மட்டும்தான் மிச்சம் இருக்கும்!

கையில் காசு இல்லையே பாஸ்!

இதுதான் நிஜமான பிரச்னை. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேணும், செக்யூர் பூட் வேணும், இன்டெல்லில் எட்டாம் தலைமுறை அல்லது ஏ.எம்.டி.யில் ரைசன் 2000 வரிசைக்கு மேல வேணும் என்று மைக்ரோசாப்ட் கோடு போட்டிருக்கு. அண்ணன் ஆடி, அக்கா படிச்சு, மூணாவதா உங்க கைக்கு வந்த கம்ப்யூட்டருக்கு அது எங்கே போகும்? 'புதுசு வாங்கு'ன்னு சொல்றது ஈஸி. செமஸ்டர் ஃபீஸ் கட்டவே வீட்டில் நகை அடகுக்குப் போகுதுன்னா, அப்பாகிட்ட எப்படி வாய் திறந்து கேட்க முடியும்?

கேட்கிறதுக்கு முன்னாடி இந்த நாலு வழியையும் பார்த்துடுங்க.

வழி ஒண்ணு: 'உங்க கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் 11 ஒத்துவராது'ன்னு வந்ததும் துவண்டுடாதீங்க. பல கம்ப்யூட்டர்களில் டி.பி.எம். உள்ளேயே இருக்கும், பயாஸ் செட்டிங்கில் ஆஃப் ஆகி இருக்கும். இன்டெல்லில் அதுக்கு பி.டி.டி.ன்னு பேர், ஏ.எம்.டி.யில் எஃப்.டி.பி.எம். மைக்ரோசாப்ட்டின் 'பி.சி. ஹெல்த் செக்' சாஃப்ட்வேரை ஓட்டிப் பார்த்தா, எது இடிக்குதுன்னு அதுவே சொல்லும். ஆனா ஒரு எச்சரிக்கை. ஹார்டு டிஸ்க் பழைய முறையில் பிரிச்சதா இருந்தா, செக்யூர் பூட்டை ஆன் பண்ணினதும் சிஸ்டம் பூட் ஆகாமப் போகலாம். முதல்ல பேக்கப், அப்புறம் பயாஸ்!

டி.பி.எம். இல்லாமலேயே 11-ஐ ஏத்துற குறுக்கு வழிகளும் உண்டு. அப்படி ஏத்தினா அப்டேட்டுக்கு உத்தரவாதம் இல்லைன்னு மைக்ரோசாப்ட் முன்கூட்டியே கை கழுவிடுச்சு. கூடவே, விண்டோஸ் 11-ல் 'வேலரன்ட்' ஆட டி.பி.எம். 2.0-வும் செக்யூர் பூட்டும் கட்டாயம். குறுக்கு வழியில் போய் கேமையே கோட்டை விட்டுடாதீங்க.

வழி ரெண்டு: விண்டோஸ் 10-லேயே இருந்தாகணும்னா, பாதுகாப்பு பேட்ச் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கிற மாதிரி மைக்ரோசாப்ட் ஒரு நீட்டிப்புத் திட்டம் அறிவிச்சது. 30 டாலர் கட்டலாம். இல்லைன்னா மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைஞ்சு, செட்டிங்குகளை கிளவுடில் பேக்கப் பண்ணினா இலவசம். இது ஒரு கிரேஸ் பீரியட், அவ்வளவுதான். அந்தத் தேதிக்குள்ளே அடுத்த வழியை யோசிக்கிறதுக்குத்தான் இந்த அவகாசம். காலண்டரில் வட்டம் போட்டு வைங்க.

வழி மூணு: லினக்ஸ்! முகத்தைச் சுளிக்காதீங்க. 2011-ல் தமிழக அரசு கொடுக்க ஆரம்பிச்ச விலையில்லா லேப்டாப்பில், விண்டோஸுக்குப் பக்கத்தில் ஒரு லினக்ஸும் இருந்தது, ஞாபகம் இருக்கா? நம்ம நாட்டு 'சி-டாக்' உருவாக்கியது. அதோட பேரே 'பாஸ்'தான் பாஸ்! நம்மில் பலர் வீட்டு லேப்டாப்பில் லினக்ஸ் இருந்தது, நாமதான் திறந்து பார்க்கலை.

அன்னிக்கு லினக்ஸில் கேம்னா சீட்டாட்டம் மாதிரி சமாசாரம்தான். 2018 ஆகஸ்ட்டில் வால்வ் நிறுவனம் 'புரோட்டான்' என்ற கருவியைக் கொண்டு வந்ததும் நிலைமை தலைகீழ். விண்டோஸுக்காக எழுதின கேம்களை லினக்ஸில் ஓட வைக்கிற கில்லாடி அது. 2022-ல் வந்த 'ஸ்டீம் டெக்' கருவியே லினக்ஸில்தான் ஓடுது. 'கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2', 'டோட்டா 2' ரெண்டுக்கும் லினக்ஸ் பதிப்பே இருக்கு. ஆனா 'வேலரன்ட்', 'ஃபோர்ட்நைட்' மாதிரி கேம்கள் ஓடாது. சீட்டிங்கைத் தடுக்க அவை வெச்சிருக்கிற காவல் சாஃப்ட்வேர் லினக்ஸை உள்ளே விடாது. நீங்க ஆடுறது அந்த லிஸ்ட்டில் இருந்தா, இந்த வழி உங்களுக்கு இல்லை. சிங்கிள் பிளேயர் பார்ட்டியா? ஒரு பென்டிரைவில் லினக்ஸ் மின்ட்டை ஏத்தி, இன்ஸ்டால் பண்ணாமலேயே பூட் பண்ணிப் பாருங்க. உங்க வைஃபை, கார்டு எல்லாம் ஒத்துவருதான்னு தெரிஞ்சுடும். செலவு, ஒரு பென்டிரைவ்!

வழி நாலு: இது பழைய சி.டி. காதலர்களுக்கு. உங்க எக்ஸ்.பி. மெஷினைத் தூக்கிப் போடவே வேண்டாம். நெட் கேபிளை மட்டும் உருவிடுங்க. வைஃபையை அணைச்சுடுங்க. அதில் ஒரு பாஸ்வேர்டுகூட டைப் பண்ணாதீங்க. வெளியே சுத்திட்டு வந்த பென்டிரைவைச் சொருகாதீங்க. 'கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 1.6'-ல் நாலு பேர் மோதணுமா? இன்டர்நெட்டும் ஹாஸ்டல் நெட்வொர்க்கும் தொடாத தனி ஸ்விட்ச் ஒண்ணு, நாலு கேபிள், போதும். அந்த மெஷினை இன்டர்நெட் திருடன் தொடவே முடியாது. இவ்வளவுகூட வேண்டாம்னா, 2008-ல் தொடங்கிய ஜி.ஓ.ஜி. தளத்தைப் பாருங்க. பழைய கேம்களைப் புது விண்டோஸில் ஓடற மாதிரி தட்டிக்கொட்டி, சி.டி. பூட்டு எதுவும் இல்லாமல் விற்கிறாங்க. டாஸ் காலத்து கேம்னா 'டாஸ்பாக்ஸ்' இலவசமாகவே இருக்கு.

தீர்ப்பு சொல்லட்டுமா?

பழைய விண்டோஸில் கேம் ஆடறது தப்பே இல்லை. பழைய விண்டோஸில் குடித்தனம் நடத்தறதுதான் தப்பு!

புரியலையா? உங்க கம்ப்யூட்டரை ஒரு தடவை நல்லாப் பாருங்க. அதில் கேம் மட்டுமா இருக்கு? அதே பிரவுசரில் உங்க மெயில் திறந்தே கிடக்கு. ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்துக்கு ஏத்தின ஆதார் காப்பி டவுன்லோடு ஃபோல்டரில் தூங்குது. அப்பாவோட நெட் பேங்கிங் பாஸ்வேர்டை, 'சேவ் பண்ணவா?'ன்னு அது கேட்டப்ப 'சரி'ன்னு தட்டியிருக்கீங்க. செமஸ்டர் புராஜெக்ட்டுக்கு வேற காப்பியே இல்லை. மைதானத்துக்கு ஆடப் போறவன், வீட்டுப் பத்திரத்தையும் அம்மா நகையையும் பையில் போட்டுக்கிட்டா போவான்? நாம தினமும் அதைத்தான் பண்றோம். மைதானத்தில் வேலி இருக்கா இல்லையாங்கிறது அப்புறம். முதல்ல அந்தப் பையை வீட்டில் வெச்சுட்டுப் போங்க!

அதனால், இன்னிக்கே பண்ண வேண்டியது மூணே மூணு. புராஜெக்ட்டையும் போட்டோக்களையும் வேற இடத்தில் ஒரு காப்பி எடுங்க. ஸ்டீம் கணக்குக்கு மொபைலில் ஸ்டீம் கார்டு போடுங்க, மெயிலுக்கு வேற பாஸ்வேர்டு வைங்க. பழைய சிஸ்டத்தின் பிரவுசரில் சேவ் ஆன எல்லாத்தையும் அழிச்சுட்டு லாக்-அவுட் பண்ணுங்க. இதுக்கு அஞ்சு பைசா செலவு இல்லை. ஒரு மேட்ச் ஆடற நேரம்தான் ஆகும்.

அதுக்கப்புறம் 11-ஆ, லினக்ஸா, கேபிள் உருவின எக்ஸ்.பி.யா என்பதை நிதானமா முடிவு பண்ணலாம். அடுத்த தடவை லோடிங் திரையை மறைச்சுக்கிட்டு அந்த அறிவிப்பு வரும்போது, ஒரே ஒரு தடவை அதை முழுசாப் படிங்க. மேட்ச் எங்கேயும் ஓடிப் போயிடாது. அந்த நாலு ஃப்ரெண்ட்ஸும் ரெண்டு நிமிஷம் காத்திருப்பாங்க. திட்டுவாங்கதான்... திட்டட்டுமே! அவங்க கம்ப்யூட்டரும் உங்க நெட்வொர்க்கில்தானே இருக்கு?

சரி, நாளைக்கு இன்டர்னல் டெஸ்ட் இருக்குன்னு ஆரம்பத்திலேயே சொன்னேனே... அதையும் கொஞ்சம் பாருங்க பாஸ்!